இருபத்தொரு நாள் டப்பு

கொஞ்சம் இதைப் பிடிங்க சார், டிக்கெட் எடுத்துக்கறேன். கீழே வைக்காதீங்க, மடியிலயே வச்சுக்குங்க. அடியில கையைக் குடுங்க. ஆமா, அப்படித்தான். குலுக்கக் கூடாது, உள்ளே ரெண்டு பேர் இருக்காங்க.

மேடவாக்கம் ஒண்ணு குடுப்பா.

கேட்டீங்களா கண்டக்டர் பேசினதை? "என்ன சாமி, குழம்புக்கா?"ங்கிறார். குழம்புக்காம்! ஏஞ்சல் மீன் சார் இது. பாருங்க, மேலயும் கீழயும் எப்படித் துடுப்பை விரிச்சுக்கிட்டு நிக்குதுன்னு. இதைப் பாத்துக் குழம்பு ஞாபகம் வருதுன்னா என்ன சொல்றது. நாங்க மூணு தலைமுறையா முட்டை கூடத் தொடாத குடும்பம். எங்களுக்கு மீன் கண்ணுக்குத்தான், வாய்க்கு இல்ல.

குடுங்க, நானே வச்சுக்கறேன். வேணாமா? சரி, உங்களுக்கும் பிடிச்சுப் போச்சு. வெயில் படாம இந்தப் பக்கம் சாச்சுக்குங்க. அந்தப் பிளாஸ்திரியா? அது கவர்ல ஊசிமுனை அளவுக்குக் கசிவு இருந்துது, அதுக்கு ஒட்டினது. பிச்சுடாதீங்க.

மேடவாக்கத்துல என் பையன் வீடு. முதல் தடவையாப் போறேன். டிக்கெட் என்னவோ எடுத்துட்டேன். ஆனா கிண்டியில இறங்கித் திரும்பிடலாமான்னு ஒரு யோசனையும் இருக்கு. நீங்க வெளியாளு. கேட்டுட்டு நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

நேத்து என் மருமக போன்ல சொல்றா: "தாராளமாக் கொண்டு வாங்க மாமா. ஆனா நேரா எங்க தொட்டியில விட மாட்டேன். இருபத்தொரு நாள் தனியாத்தான் இருக்கணும்."

என் மீனை! என் வீட்டு மீனை!

இந்த இருபத்தொரு நாள்ங்கிறதே என்னோட சட்டம் சார். அதைக் கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும். பரவாயில்ல, சிரிங்க.

நான் நெல் குடோன்ல முப்பத்தோரு வருஷம் தரம் பாத்தவன். லாரி வந்து நிக்கும். மூட்டை உள்ளே போறதுக்கு முன்னாடி குத்தூசியால ஒரு குத்து. கையில விழுற நெல்லை ஊதிப் பாத்து, கடிச்சுப் பாத்து, வண்டு இருக்கா, ஈரம் இருக்கான்னு சொல்லணும். ஒரு மூட்டையில வண்டு இருந்தாப் போதும், மூணு மாசத்துல மொத்தக் குடோனும் போச்சு. அதனால எனக்கு ஒரு பழக்கம். எது வந்தாலும் வாசல்லயே நிறுத்தி ஒரு குத்துப் பாத்துட்டுத்தான் உள்ளே விடறது. பழக்கம்னா பழக்கம்தான், கெட்ட எண்ணம் இல்ல.

எங்க அயனாவரம் வீட்டு ஹால்ல நாலடித் தொட்டி. பதினொரு ஏஞ்சல். அதுல மூத்தவருக்குப் பேரு பெரியவர். நாலு வருஷமா என் கையில தின்னவர். ஒரு நடை, ஒரு கம்பீரம், மத்ததெல்லாம் ஒதுங்கி வழி விடும். எல்லாருமே ஆரோக்கியம். குஷி வந்தாக் கல்லுல போய் உரசி உரசி விளையாடுவாங்க. பாக்கிறதுக்கே அவ்வளவு ஆனந்தமா இருக்கும்.

புதுசா எது வாங்கினாலும் பின்கட்டுல, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு டப்புல இருபத்தொரு நாள். அதுக்குத் தனி வலை, தனி மக், தனி டியூப். அந்த வலையை இதுல நனைக்கக் கூடாது. டப்பு மேல பிளாஸ்திரி ஒட்டி, வந்த தேதியை எழுதிடுவேன். இருபத்தொரு நாள் புள்ளி, புண்ணு எதுவும் வரலைன்னா இருபத்திரெண்டாம் நாள் காலையில ஹாலுக்கு வரலாம். வந்த அன்னிக்கு எல்லாருக்கும் உயிர்ப்புழு விருந்து. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல.

போன மாசியில ஒரு கருப்பு ஏஞ்சல் வாங்கினேன். அதே வாரம்தான் பெனிட்டாவும் வந்தா.

பெனிட்டாதான் மருமக. தூத்துக்குடி. அப்பாவுக்குப் படகு இருக்கு. எங்க வீட்டுல மீன் தொட்டியில இருக்கும், அவங்க வீட்டுல தட்டுல இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். என் பையன் மணிவாசகம், வாசுன்னு கூப்பிடறது, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுட்டு மாலையும் கழுத்துமாக் கூட்டிட்டு வந்து நின்னான். நான் ஒரு வார்த்தை சத்தம் போடல சார். சொல்லாம வந்த லாரியைப் பாத்துக் குடோன்காரன் சத்தம் போட மாட்டான். இறக்கி ஓரமா வைங்கன்னுதான் சொல்வான்.

மாடி ரூமைக் குடுத்தேன். தனி பாத்ரூம். தட்டு, டம்ளர், சொம்பு எல்லாம் அவளுக்குன்னு புதுசா எவர்சில்வர். சாப்பாடு நேரத்துக்கு மேலயே போயிடும். "சமையக்கட்டுப் பக்கமே நீ வர வேணாம்மா, நல்லா ரெஸ்ட் எடு"ன்னேன். எந்த மாமனார் சொல்வான்? என் சம்சாரம் திலகாதான் முறைச்சா. "அந்தத் தட்டை ஏன் நம்ம தட்டோட சேத்து வைக்கக் கூடாதுங்கிறீங்க?"ன்னு கேட்டா. புதுத் தட்டு, கீறல் விழுந்துடும்னேன். நான் வித்தியாசம் பாக்கிற ஆளு இல்ல.

பெனிட்டாவும் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. நல்ல தமாஷ்காரி. ஒரு நாள் ஹால் காலண்டர் முன்னாடி நின்னுக்கிட்டு, "மாமா, நான் வந்த தேதியில ஒரு புள்ளி இருக்கு, அப்புறம் மூணு வாரம் தள்ளி இன்னொரு புள்ளி இருக்கு. என்ன அது?"ன்னு கேட்டா.

"கேஸ் புக் பண்றதுக்கும்மா"ன்னேன்.

"ஓ"ன்னா. பின்கட்டுக்குப் போனா. டப்பைப் பாத்தா. திரும்பி வந்து, "எனக்கும் ஒரு பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதிருங்களேன் மாமா, மறந்துருவீங்க"ன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். வாசுதான் சிரிக்கல. அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தமாஷ் புரியாது.

அசோக் பில்லரா? ஆமா, இன்னும் கிண்டி வரல.

அவளுக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? ஹால்ல நின்னு பாத்துட்டு, "இது ஏன் மாமா சும்மா சும்மா கல்லுல போய் உரசுது, அரிக்குதோ?"ன்னு கேட்டா. குஷிம்மான்னு சொன்னேன். "எங்க வீட்டு நாய் இப்படித்தான் உரசும், உண்ணி இருந்தா"ன்னா. நாயும் ஏஞ்சலும் ஒண்ணா? சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

அப்புறம்தான் நடந்துது. பன்னெண்டாம் நாள். காலையில தொட்டிக்கு முன்னாடி வந்து நிக்கிறேன், பெரியவரைக் காணோம். பம்ப்புக்குப் பின்னாடி பாத்தாச்சு, தரையில பாத்தாச்சு. பின்கட்டுக்குப் போனா, சிவப்பு டப்புல, அந்தக் கருப்புக்குப் பக்கத்துல, ஜம்முன்னு நிக்கிறார்.

"நான்தான் மாமா விட்டேன், ஆறு நாள் ஆச்சு"ங்கிறா பெனிட்டா. "அது ஒரு வாய் சாப்பிடல. மூலையிலயே கிடந்துச்சு. புதுசா வந்ததைத் தனியாப் போட்டா எப்படி மாமா இருக்கும்? அதான் துணைக்கு ஒரு ஆளு. பெரியவர்னா தைரியமா இருக்கும்லா?"

துணைக்கு! தனியா வைக்கிறதுக்குன்னே வச்சிருக்கிற டப்புல துணைக்கு ஆள் விட்ட கதையை எங்கேயாவது கேட்டிருக்கீங்களா? இத்தனைக்கும் ஆறு நாளா நான் பாக்கல. ஏன்னா ஹால்ல பெரியவர் செடிக்குப் பின்னாடி இருப்பார்னு நெனச்சுக்கிட்டேன். டப்புக்குத் தீனி போடற வேலையையும் அவளே கேட்டு வாங்கிக்கிட்டா.

குனிஞ்சு பாத்தா, கருப்பு உடம்பு பூராவும் உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. நோய். நான் சத்தம் போடல. கொஞ்சம் குரல் உயர்ந்திருக்கும். "வெளியிலேர்ந்து வர்றது எதுவும் சும்மா வராது, ஏதாவது ஒண்ணைக் கொண்டுக்கிட்டுத்தான் வரும்"னேன். மீனைத்தான் சொன்னேன். வேற யாரைச் சொல்வேன்? வாசு மாடிப்படியில நின்னு கேட்டுட்டு, அப்படியே திரும்பி மேல போயிட்டான்.

கருப்பு வாங்கின கடைக்குப் போய் நல்லாக் கேட்டேன். அந்தக் கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "அதே கும்பல்ல பத்து வீட்டுக்குக் குடுத்திருக்கேன் சார், ஒண்ணுக்கும் புள்ளி இல்ல. நோய் உங்க பழசுலதான் இருக்கு. பழகின உடம்பு வெளியில காட்டாது, உரசிக்கிட்டுக் கிடக்கும். புதுசு பக்கத்துல போனா அதுதான் காட்டிக் குடுக்கும்." வியாபாரி வேற எப்படிப் பேசுவார்? திரும்பி வந்துட்டேன்.

டப்பைத் தெருவுல கொட்டிடலாம்னேன். பெனிட்டா விடல. கல்லுப்பைக் கரைச்சு ஊத்தினா. ஹீட்டர் வாங்கிட்டு வந்து போட்டா. தினமும் பாதித் தண்ணியை மாத்தினா. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அரை மணி, வந்ததும் அரை மணி துவைக்கிற கல்லு மேலயே உக்காந்திருப்பா. திலகா காபியை அங்கேயே கொண்டு போய்க் குடுப்பா. அப்புறம் பாத்தா, ரெண்டு பேரும் அங்கேயே உக்காந்து காபி குடிக்கிறாங்க. அந்த எவர்சில்வர் டம்ளர் எது யாருதுன்னே தெரியல. எல்லாம் கலந்து போச்சு.

ஒரு வாரத்துல புள்ளி உதிர்ந்துடுச்சு. அதை ஒத்துக்கணும்.

ஆனா பத்தொன்பதாம் நாள் கிளம்பிட்டாங்க சார். ஆபீஸ் பக்கம்னு மேடவாக்கத்துல வீடு பாத்துட்டாங்களாம். இன்னும் ரெண்டே நாள்! ரெண்டு நாள் பொறுத்திருந்தா நானே கூப்பிட்டுச் சமையக்கட்டுல விட்டிருப்பேன். ஐயர் கடையில அல்வாவுக்குக் கூடச் சொல்லி வச்சிருந்தேன். அவங்களுக்கு எங்கே தெரியப் போகுது.

போகும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அந்த டப்பை நான் எடுத்துக்கட்டுமா மாமா?" பழைய டப்புதானேன்னு பாத்தா, உள்ளே கருப்போட பெரியவரும் இருக்கார். என்ன செய்யறது. அவரைத் திருப்பி ஹால்ல விட முடியாது, நோய் டப்புல இருந்தவர். சட்டம் சட்டம்தான். எடுத்துக்கன்னேன். ஆட்டோவுல மடியில வச்சுக்கிட்டுப் போனா, இப்ப நீங்க வச்சிருக்கிற மாதிரி. "பெரிய தொட்டிக்கும் உப்பும் ஹீட்டரும் போட்டுருங்க மாமா"ன்னு சொல்லிட்டுப் போனா. என் மீனுக்கு எதுக்கு மருந்து? நான் போடல.

கிண்டியா இது? அட, வந்துட்டுதா. இல்ல சார், நீங்க எழுந்திருக்காதீங்க. இந்தக் கூட்டத்துல கவரைத் தூக்கிட்டு எப்படி இறங்கறது? நசுங்கிடும். வேளச்சேரியில கூட்டம் குறையும், அங்கே பாத்துக்கலாம்.

எங்கே விட்டேன்? ஆங், பெரியவர். இந்தக் கூத்தைக் கேளுங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி போன் வருது. "மாமா, பெரியவர் முட்டை போட்டுட்டாரு"ங்கிறா. எனக்கு ஒண்ணும் புரியல. நாலு வருஷமா நான் பெரியவர், பெரியவர்னு வாய் நிறையக் கூப்பிட்டது பொம்பளை மீன்! கருப்புதான் ஆம்பளையாம். போன்ல மூணு பேர் சிரிக்கிற சத்தம் கேக்குது. மூணாவது யாருன்னு பாத்தா, எங்க வீட்டு ஹால்ல எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு திலகா சிரிக்கிறா.

"குஞ்சு பொரிச்சா ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு வந்துடறேங்க"ன்னு கிளம்பினவதான். ரெண்டு மாசம் ஆச்சு. கேட்டா முட்டி வலிங்கிறா. அங்கே லிப்ட் இருக்காம். எங்க வீட்டுல மாடியே ஏற வேண்டாம், கீழேயே இருக்கலாம், அதுக்கு எதுக்கு லிப்ட்? ஞாயித்துக்கிழமை அங்கே குழம்பு கொதிக்குமே, எப்படிம்மா இருக்கேன்னேன். "ரெண்டு அடுப்பு, ரெண்டு சட்டி, ஒரே மேஜை. வாசனை பழகிடுச்சு"ங்கிறா. முப்பத்தஞ்சு வருஷமா வெங்காய வாசனைக்கே ஜன்னலைத் தொறந்தவ.

நான் நல்லாத்தான் இருக்கேன். காலையில இட்லி கடையில, மத்தியானம் மெஸ்ஸுல. வீட்டுல சத்தமே இல்ல. பம்ப் மட்டும் உறுமிக்கிட்டிருக்கும். அதுக்காக நான் ஒண்ணும் போகல.

விஷயம் என்னன்னா, தொட்டிக்குத் தண்ணி சரியில்ல. இந்த வருஷம் லாரித் தண்ணியில என்னமோ இருக்கு. ஒண்ணு ஒண்ணாப் போயிடுச்சு. சித்திரையில மூணு, வைகாசியில ரெண்டு, அப்புறம் நான் எண்ணல. மிச்சம் இவங்க ரெண்டு பேர்தான். நாலடித் தொட்டியில ரெண்டு பேரு. இந்தக் கோடியில ஒருத்தர், அந்தக் கோடியில ஒருத்தர். பாக்கச் சகிக்கல. தொட்டியை நல்லாக் கழுவிக் காய வைக்கணும், அதுவரைக்கும் அங்கே விட்டு வைக்கலாம்னுதான் போன் பண்ணினேன். அதுக்குத்தான் அந்தப் பதில். இருபத்தொரு நாள் தனியாம்.

"நம்ம வீட்டு மீனும்மா. பெரியவரோட கூடப் பொறந்தது மாதிரி"ன்னேன்.

"அதனாலதான் மாமா"ங்கிறா. என்ன அர்த்தம் அதுக்கு?

அதோட விட்டாளா? இனிமேதான் இருக்கு. "அந்த இருபத்தொரு நாளும் யாரு பாக்கது? எனக்கு ஆபீஸ் இருக்கு, அத்தைக்கு முட்டி வலி. தினம் பாதித் தண்ணி மாத்தணும். நீங்கதான் கூட இருந்து பாத்துக்கிடணும்"ங்கிறா. கேட்டீங்களா? மீனையும் குடுத்து, காவலுக்கு ஆளையும் குடுக்கணுமாம். நான் என்ன அவங்களுக்கு வாட்ச்மேனா? "தனியாவா இருக்கணும், துணைக்கு யாரும் கிடையாதா?"ன்னு சும்மா மீனுக்காகக் கேட்டு வச்சேன். "அதான் நாங்க எல்லாரும் இருக்கோம்லா"ங்கிறா. சம்பந்தமே இல்லாம.

பின்னாலேர்ந்து திலகா கத்தறா: "தனித் தட்டெல்லாம் கிடையாதுன்னு சொல்லும்மா. இருக்கிறதுல சாப்பிட்டுக்கணும்!" ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. ஒரு மாமனார், முதல் தடவை வீட்டுக்கு வரார், அவருக்குன்னு ஒரு தட்டு எடுத்து வைக்க மாட்டாங்களாம். நான் அவளுக்கு எவர்சில்வர்ல எடுத்தேன் சார். எடை போட்டு எடுத்தேன்.

போனை வாசுகிட்ட குடுன்னேன். வாங்கினான். அப்புறம், "மேடவாக்கம் கூட் ரோட்டுல இறங்குங்கப்பா, நான் வந்து நிக்கறேன்"னான். அவ்வளவுதான். ஏழு மாசத்துக்கு அப்புறம் பேசினது அவ்வளவுதான்.

வேளச்சேரி போயிடுச்சா? எப்ப? சொல்லியிருக்கலாமே சார். பரவாயில்ல. இப்ப இறங்கினாத் திரும்பற பஸ் கிடைக்காது.

காலுக்கடியில இருக்கிற பையா? ஒண்ணும் இல்ல, துணி. நாலு வேட்டி, நாலு சட்டை, ஷேவிங் செட்டு, பிரஷர் மாத்திரை. ஒரு மாச மாத்திரை. கடைக்காரன் அட்டையை வெட்டித் தர மாட்டேன்னுட்டான், அதனால. மழை காலம், எங்கே மாட்டிக்குவோம்னு தெரியாது. மேல இருக்கிறது அல்வா. ஐயர் கடையில அன்னிக்குச் சொல்லி வச்சு வாங்காம விட்டது. நேத்துக் கூப்பிட்டுத் திட்டினார், சரின்னு வாங்கிட்டேன்.

நியாயம் யார் பக்கம்னு நீங்க இன்னும் சொல்லல. நீங்க மீனையே பாத்துக்கிட்டு வர்றீங்க. அழகுதான் இல்ல?

எங்கே? வாலுலயா புள்ளி?

அது கவர்ல நிக்கிற தண்ணி முத்து சார். வெளியில இருக்கு. துடைச்சா போயிடும். துடைச்சுப் பாருங்க.

கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க. இல்ல, இந்தப் பக்கம். அந்தச் சின்னவரைப் பாக்கணும். கண்ணாடி எங்கே போச்சு. இருங்க, இருங்க.

ம்.

பள்ளிக்கரணை தாண்டியாச்சா? அடுத்தது நாமதான்னு நெனைக்கறேன். அங்கே நிக்கிறது வாசு மாதிரி இருக்கு. இல்ல, அது வேற யாரோ. இன்னும் தூரம் இருக்கு.

சார், உங்க பாக்கெட்ல பேனா இருக்குல்ல? குடுங்க ஒரு நிமிஷம். கவரை இறுக்கிப் பிடிச்சுக்குங்க, ஆடாம. பிளாஸ்திரி ஈரமா இருக்கு, துடைச்சுக்கறேன். இன்னிக்குப் பதினாறா, பதினேழா?

பதினேழு.

இந்தாங்க உங்க பேனா. கவரைக் குடுங்க, கூட் ரோடு வந்துட்டுது.